ஒன்பதாம் வளைவு

முதல் பாகம் உங்களுக்குத் தெரியும்.
சேலம் கொதித்தது, ஏற்காடு குளிர்ந்தது,
நடுவே இருபது கொண்டை ஊசி வளைவு,
வளைவுக்கொரு இரும்புக் கதவு.
குளிருக்கும் ரேஷன் அட்டை வைத்திருந்தது கம்பெனி.
வெள்ளை அட்டைக்கு வருடத்தில் நான்கு நாள் மேகம்.
மஞ்சள் அட்டை என்றால்
ஐந்தாம் வளைவு வரை வந்து
காற்றுக்கு முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பலாம்.
எங்களுக்கு அட்டையே இல்லை.
மலையில் பிறந்தவர்களை லாரியில் இறக்கிவிட்டபோது
பேன் என்று சொல்லித் தலையை மழித்தார்கள்.

என் பெயர் சடைச்சி.
கொண்டை இல்லாதவள்
ஊசிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினாள் என்று
அப்புறம் சுவரெல்லாம் எழுதினார்கள்.

நானும் லூர்துமேரியும்தான்.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் திருடிய வெடி.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி செருப்பு.
இருபதாவது கதவு விழுந்தபோது
ஐந்து ரோட்டில் பட்டாசு கொளுத்தினார்களாம்.
எனக்குக் கேட்கவில்லை, காது அடைத்திருந்தது.
அங்கே முடித்திருக்கலாம்.
எல்லோரும் அங்கேதான் முடிக்கிறார்கள்.

இது இரண்டு வருடம் கழித்து.
முடி தோளைத் தொட்டுவிட்டது,
ஆகவே யாருக்கும் என்னைத் தெரிவதில்லை.
சுவரில் இருப்பவள் மொட்டை.

சித்திரை.
செவ்வாய்ப்பேட்டையில் தார் செருப்போடு கிளம்பி வரும் மதியம்.
நடந்தே மலையேறினேன்.
ஒன்பதாம் வளைவில் வரிசை.
மூங்கில் ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள்,
பின் நுனியில் கல் கட்டி.
காவலுக்கு மீசை அரும்பாத பையன்.
"கார்டு?"
"எதுக்கு?"
"மேல கூட்டம் தாங்காதாம். குழு முடிவு."

புது அட்டை பச்சை.
ஓரத்தில் ஒரு மொட்டைத் தலை, என் தலை.
கீழே லூர்துமேரியின் கையெழுத்து;
ர் மேல் புள்ளியை வட்டமாகப் போடுவாள்,
கம்பெனிச் சுவரில் கரியால் எழுதிய நாளிலிருந்தே.

எனக்கு முன்னால் சேகோ மில்காரர் ஒருவர்.
முழங்கை வரை மாவு.
தோளில் குழந்தை, வெக்கையில் கண் செருகி.
அட்டை இல்லை.
பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
கெட்டவன் இல்லை.
முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்.

கை பழக்கத்தில் பைக்குள் போனது.
உள்ளே இரண்டு தட்டுவடை செட்டும் தண்ணீரும்.
நான் யாரென்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் திறந்திருப்பான்,
எனக்கு.

சுற்றிப் போய்
கல் கட்டிய நுனியில் உட்கார்ந்தேன்.

மூங்கில் எழுந்தது.
அவ்வளவு லேசு. அதில்தான் எனக்குக் கோபம் வந்தது.
குழந்தையோடு அவர் போனார்.
பின்னால் ஒருத்தி, பின்னால் ஒரு சைக்கிள்,
பின்னால் வரிசை வரிசையாக இல்லாமல் போனது.
"அக்கா, எந்திரிங்கக்கா. என் வேலை போயிரும்."
எழுந்தால் இறங்கிவிடும்.

முதல் பாகத்தில்
ஓடுவது இருந்தது, எறிவது இருந்தது,
உட்கார்ந்தே இருப்பது இல்லை.
இருட்டியது. மேலிருந்து பனி வந்தது.
கீழே ஊர் அடுப்பைப் போலக் கிடந்தது.
கால் மரத்துவிட்டது. மூத்திரம் முட்டியது.
இதையெல்லாம் சுவரில் எழுத மாட்டார்கள்.

விடியும் நேரம் ஜீப்பில் லூர்துமேரி.
இறங்கி என் முடியைப் பார்த்தாள் முதலில்.
"சடைச்சி, கணக்குப் பாத்தியா?
மேல தண்ணி ஆறு வாரத்துக்குத்தான் இருக்கு."
"தெரியாது."
"தெரியாமத்தான் உக்காந்திருக்கியா?"
"ஆமா. அந்தக் கணக்கை இங்க கொண்டு வா.
வரிசைக்கு முன்னாடி நின்னு படி."
அவள் பதில் சொல்லவில்லை.
ஜீப்பிலும் ஏறவில்லை.

அப்போது அந்தப் பையன்,
ராத்திரி முழுக்க என்னை எழுப்பப் பார்த்தவன்,
பக்கத்தில் வந்தான்.
"கொஞ்சம் தள்ளுங்கக்கா.
ஒதுங்கிட்டு வாங்க.
அதுவரைக்கும் நான் இருக்கேன்."

எடையில்லாத பையன்.
நான் எழுந்ததும் மூங்கில் ஒரு முழம் இறங்கியது.
நின்றது.
குனிந்தால் போகலாம்.